மூன்று மாத லீவில் ஒரு வயரிங்

திருச்சியில் டாக்டராக இருந்த என் பெரியப்பா காலமானபோது வீடு மூத்த மகனுக்கும், தென்னந்தோப்பு இளைய மகனுக்கும், கிளினிக் மருமகனுக்கும் போயின. காரை மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் நான் ‘படிக்கிற பையன்’. முப்பத்தைந்து வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை. விவரம் போதாதவன் என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். அதனால் கார் எனக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பெரம்பலூரில் கிளை நூலகராக இருந்தேன். நூலகர் சம்பளத்தில் கார் வைத்திருக்கிறவன் என்று மாவட்ட அலுவலகத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். லஞ்சம் வாங்குகிறான் என்று சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. நூலகத்தில் யார், எதற்கு, யாருக்கு லஞ்சம் கொடுப்பார்கள்?

வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய கறுப்பு வண்டி அது. திரும்பும்போது மினுக்குகிற விளக்கெல்லாம் அதில் கிடையாது. கதவுகளுக்கு நடுவே இருக்கும் தூணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே வரும். வலது பக்கம் திரும்பினால் வலது கை, இடது பக்கம் என்றால் இடது கை. இது அந்த வண்டியைச் செய்தவர்களின் எண்ணம். என்னிடம் வந்தபோது ஹாரனை அழுத்தினால் இடது கை நீண்டது. ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் ஒருமுறை துடித்துவிட்டு நின்றது. வலது கை எப்போது நீளும் என்பதற்கு எந்த விதியும் இருந்ததாகத் தெரியவில்லை. சந்தைக்குப் போகும் பாட்டி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, தன்னைத்தான் ஏறிக்கொள்ளக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தும் இருக்கிறாள். இறக்கிவிட மனம் வராமல் சந்தை வரை கொண்டுபோய் விட்டேன்.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வயரில். துணி சுற்றிய பழைய காலத்து வயர், உள்ளே இருக்கும் ரப்பர் தொட்டால் நமுத்த முறுக்கு மாதிரி உதிரும். ஊரில் காருக்கென்று தனியாக எலக்ட்ரீஷியன் யாரும் இல்லை. ரேடியோ ரிப்பேர்காரர் ஒருமுறை பார்த்தார். பம்ப்செட்டுக்குக் காயில் கட்டுகிறவர் இன்னொருமுறை பார்த்தார். கல்யாணத்துக்கு சீரியல் செட் போடுகிறவர் பார்த்துவிட்டுப் போன பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் பச்சையும் சிவப்புமாக முறுக்கிய வயர் தொங்கியது. ஒவ்வொருவரும் புதிதாக ஒரு வயர் போட்டார்களே ஒழிய பழையதை யாரும் எடுக்கவில்லை. அரசாங்க ஊழியன் என்ற முறையில் எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. எங்கள் ஆபீஸிலும் பழைய ஃபைலை எடுப்பதில்லை, மேலே புதியதை வைப்போம்.

ஒரு கிருத்திகையன்று குடும்பத்தோடு செட்டிகுளம் மலைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மலை கண்ணில் பட்டதும் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். “சாம்பிராணி வாசம் இங்கியே வருதே” என்றாள். டேஷ்போர்டிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. எரிகிற ரப்பரை சாம்பிராணி என்று எடுத்துக்கொள்வதற்கு முருகன் மேல் நிறைய நம்பிக்கை வேண்டும், என் மேலும் கொஞ்சம் வேண்டும். நான் குதித்து இறங்கி பாட்டரி வயரைப் பிடுங்கினேன். கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். கார், சின்ன வெங்காய மூட்டை ஏற்றிவந்த மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டுப் பெரம்பலூர் திரும்பியது. அதற்குப் பிறகு நூலகத்துக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் நின்றது. பேப்பர் படிக்க வந்தவர்கள் படித்து முடித்ததும் வெளியே வந்து அதற்கு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வயதைத் தாண்டியவர். லப்பைக்குடிக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், பேப்பரைப் புரட்டுவார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“கோச்சுக்கக் கூடாது சார். இந்த வண்டிய யாரு இப்படிப் பண்ணுனது?”

“பல பேர்” என்றேன்.

வளைகுடா நாட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருஷமாகக் காருக்கு வயரிங் மட்டுமே செய்கிறவர் அவர். மூன்று மாத லீவில் வந்திருந்தார், அதில் பாதி போய்விட்டது. மீதியும் போவதற்குள் அவருக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். திரும்பிப் போவதா, இங்கேயே கடை போடுவதா? குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் விசா போய்விடும், பிறகு நினைத்தாலும் முடியாது.

அவருக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும், மனைவியோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. பேச்செல்லாம் கேசட்டில்தான். ஒரு பக்கத்தில் இவர் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார். மறு பக்கத்தில் மனைவி பதில் பேசி, போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார். ஒரு சின்னச் சண்டை போட்டு முடிக்க நாலு மாதம் ஆகும் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் அது அரை மணியில் முடிந்து, அடுத்தது தொடங்கிவிடும்.

கடைக்கு இடமும் இருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவருடைய மாமனாருக்கு ஒரு அறை. லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்த மாமனார் அதில் துணி மூட்டைகளை அடுக்கியிருந்தார். அவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. லீவில் வருகிறவர்கள் டூ-இன்-ஒன் ரேடியோவும் சென்ட்டு பாட்டிலும் கொண்டுவருவார்கள். இந்த மாப்பிள்ளை ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கலர் கலராக வயர் கொண்டுவந்திருந்தார். பம்பாயில் சுங்க அதிகாரி பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு, தங்கம் எங்கே என்று மூன்று முறை கேட்டாராம். வீட்டில் மாமனாரும் ஏறக்குறைய அதையே கேட்டார்.

ஒருநாள் அந்த மாமனாரே நூலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. துணியின் தரம் பார்ப்பது போல என்னை விரலாலேயே தொட்டுப் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டிலும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வெளிநாட்டை விட்டு வந்து கடை போட்டு, ஒரே வருஷத்தில் மூடியவர்களை அவர் ஊரிலேயே பார்த்திருந்தார். இந்த ஜில்லாவில் மொத்தம் எத்தனை கார் இருக்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். பெரம்பலூரில் காரைப் பார்த்தால் உள்ளே இருப்பவர் யார் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

கடைசியில் மருமகனிடம் சொன்னார்: “மொதல்ல இந்த லைப்ரேரி கார ஓட்டிக் காட்டுங்க மாப்ள. அரியலூர் வரைக்கும் வழியில எங்கயும் நிக்காம, பொகயாம போவணும். போச்சுன்னா ரூமு உங்களுது. போவலன்னா பஸ்ஸப் புடிச்சாவது அரியலூரு டேசன்ல ரயிலேறிக்குங்க, டிக்கெட்டு கையில இருக்கட்டும்.”

ஆக, மருமகன் லீவு முடிந்து கிளம்ப வேண்டிய புதன்கிழமையே பரீட்சை நாள் என்று ஆயிற்று. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் பகல் வண்டி ஏறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய். ஒரு மனிதனின் பிழைப்பும் குடித்தனமும் என் காரை நம்பி நின்றன. அந்தக் காரை நான்கூட நம்பியதில்லை.

பழையதைப் பிடுங்கவே ஐந்து நாள் ஆயிற்று. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எங்கும் தொடங்காமல் எங்கும் முடியாமல் நடுவில் மட்டும் இருந்த வயர்கள் ஆறு கிடைத்தன. எங்கள் நூலகத்தில் மோட்டார் மின்சாரம் பற்றி ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் எடுக்காத அதை, நானே எனக்குக் கடன் கொடுத்துக்கொண்டு படித்தேன். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து சில கருத்துகளை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், டார்ச்ச இன்னும் கொஞ்சம் கீழ பிடிங்க” என்றார்.

புதிதாக ஆறு ஃப்யூஸ் கொண்ட பெட்டி வைப்பது, ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே போடுவது, ஆரஞ்சுக் கைகளைக் கழற்றிவிட்டு மினுக்கும் விளக்கு வைப்பது என்பது அவர் திட்டம். கைகளை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். நாள் முழுதும் ட்வைன் நூலை வண்டிக்குள் ஓட்டி ஓட்டி அளந்தார். ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு, டைனமோவிலிருந்து பாட்டரிக்கு என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சு. காகிதத்தில் நீளங்களைக் குறித்துக்கொண்டு ஊருக்கு எடுத்துப் போனார். வேலை அங்கேதான் நடக்கும். வீட்டில் ஒரு பழைய கதவுப் பலகையைத் தரையில் போட்டு, வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆணி அடித்து, ஆணியிலிருந்து ஆணிக்கு வயரை இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி முழுதாக ஒரே பின்னலாக எடுத்துவிடுவார். பிறகு கொண்டுவந்து வண்டிக்குள் படுக்க வைத்தால் போதும். அவர்களுடைய ஒர்க்‌ஷாப் முறை அது. கட்டுகிற வேலையையும், எந்த முனை எதற்கு என்று கலர் நூல் சுற்றி அடையாளம் வைக்கிற வேலையையும் அவர் மனைவி எடுத்துக்கொண்டாராம். ஹாரனுக்கு நீல நூல், வைப்பருக்கு மஞ்சள்.

புதன்கிழமைக்கு முந்தைய வியாழனன்று காலை, விமானக் கம்பெனிப் பை ஒன்றை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். பிரித்தபோது வேப்ப மரத்தடியில் நின்ற ஏழெட்டு வாசகர்களும் நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்கள். இரண்டு ஆள் நீளத்துக்கு, விரல் பருமனில், இழுத்துக் கட்டிய பின்னல். கிளை கிளையாகப் பிரிந்து முனைகளில் நூல் கலர்கள். வண்டிக்குள் இருப்பதைவிட வாசலில் தோரணமாகக் கட்டலாம் போல இருந்தது.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தார். வெகு நேரம் கழித்து அடியிலிருந்து கேட்டார்:

“சார், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?”

நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். “வலது பக்கம்” என்றேன்.

“ஆமா” என்றார். வெளியே வரவில்லை.

அவர் வேலை பார்த்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலது ஓரத்தில் போகும், டிரைவர் இடது பக்கம் உட்காருவார். நூல் பிடித்து அளந்த அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பலகையில் ஆணி அடிக்கும்போது கை பழக்கத்தில் டிரைவரை இடது பக்கம் உட்கார வைத்துவிட்டது. டிரைவர் மாறினால் மற்றதெல்லாம் மாறும். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகப் பின்னப்பட்டிருந்தது. லைட் ஸ்விட்சுக்கு வர வேண்டிய கொத்து, பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலில் வந்து விழுந்தது.

நான் உடனே புத்தகத்தைத் திறந்தேன். எட்டாத வயர்களையெல்லாம் வெட்டி ஒட்டுப் போட்டு நீட்டலாம் என்றேன். ஒட்டுப் போட்டுப் போட்டுத்தானே இந்த வண்டி புகைந்தது என்றார். புதிதாகப் பின்னலாம் என்றேன். மிச்ச வயர் போதாது என்றார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாற்ற முடியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு காரின் படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“கை அந்த ஊருக் கையா ஆயிடுச்சு சார். நான் போயிடறேன்.”

அந்தத் தோரணத்தை மறுபடி பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டார். நான் நூலகத்துக்குள் போய், புத்தகத்தை அதன் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். போய் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. அவரைத் தேற்றப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். “நீங்க தேத்தப் போறீங்களா? பாவம், அவரு உங்களத் தேத்தணும்” என்றாள். போய்ச் சேர்ந்தபோது கடைத்தெரு முழுதும் அடைத்திருந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமனாரும் மருமகனும் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள்.

என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கூடத்தில் கதவுப் பலகை அப்படியே கிடந்தது. மருமகன் பின்னலை அதன் ஆணிகளில் மறுபடி மாட்டி வைத்திருந்தார். எங்கே தவறினோம் என்று பார்ப்பதற்காக இருக்கலாம். மூலையில் புதுப் பெட்டி ஒன்று, பாதி அடுக்கிய துணிகளோடு திறந்திருந்தது. உள் அறை வாசலில் பூப் போட்ட திரை. மாமனார் எனக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார். ஜெயித்த மனிதரின் முகம் இல்லை அது.

“நசீபு சார், எழுதி வச்சது. வேலக்காரருதான், நான் இல்லங்கல. ஆனா அந்த ஊருக்கு வேலக்காரரு” என்றார் மெதுவாக.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அத்தா, சார்ட்ட ஒண்ணு கேளுங்க.”

அந்த வீட்டில் பெண்கள் வெளி ஆளிடம் நேரடியாகப் பேசுவதில்லை. மகள் சொல்வதை அப்பா வாங்கி என்னிடம் கொடுப்பார், நான் சொல்வதை வாங்கி மகளிடம் கொடுப்பார். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய துணி. பேசுவது எல்லோருக்கும் காதில் விழும். ஆனாலும் மாமனார் ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார்.

“என் மவ ஒண்ணு கேக்கணுங்குது” என்றார்.

“கேட்கட்டும்” என்றேன்.

“கேக்கச் சொல்றாரு” என்றார் திரையிடம்.

“சட்டை வெட்டறப்ப, வலக் கைக்கு வெட்டுன துணியக் கவுத்துப் போட்டா எடக் கைக்கு ஆவும்ல. இதயும் அப்படிக் கவுத்துப் போட்டா என்னவாம்?”

மாமனார் என் பக்கம் திரும்பினார். “சட்டை வெட்டறப்ப” என்று தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். முப்பது வருஷமாகத் துணி வெட்டிக் கொடுத்தவர் அல்லவா, சொல்ல வந்த சொல் பாதி வழியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. மருமகன் அதற்குள் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னலை ஒவ்வொரு ஆணியாக விடுவித்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் இரண்டு முனைகளைப் பிடித்து அதைக் குப்புறக் கவிழ்த்தோம். டிரைவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். டைனமோ தன் பக்கத்துக்கு வந்தது. பாட்டரி தன் பக்கத்துக்கு வந்தது. அவர் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையாக விரல் வைத்துச் சரிபார்த்தார். ஹாரன் வயர் ஒன்றுக்கு மட்டும் நாலு விரல் போதவில்லை.

“இத நேத்தே சொன்னா என்ன?” என்றார் திரையைப் பார்த்து.

“யாரு கேட்டா?” என்றது திரை.

மாமனார் இதை என்னிடம் திரும்பச் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் ஒரு பார்வை பார்த்தார், ஆனால் அதை மூடவும் இல்லை, துணிகளை வெளியே எடுக்கவும் இல்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மருமகன் காருக்குள்ளேயே குடியிருந்தார். ஹாரனுக்கு மட்டும் ஒரே ஒரு ஒட்டு, அதையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். செவ்வாய்க்கிழமை பாட்டரியை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஹாரனை அழுத்தினேன். ஹாரன் மட்டும் அடித்தது. ஹெட்லைட்டைப் போட்டேன், ஹெட்லைட் மட்டும் எரிந்தது. எனக்கு என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு ஸ்விட்சைத் தொட்டால் இரண்டு மூன்று காரியம் நடந்து பழகிப்போயிருந்தேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு மாமனார் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியைக் கார் மேல் வைத்துக் கட்டச் சொன்னார். நான் கொஞ்சம் முகம் சுளித்திருக்க வேண்டும். “எதுக்கும் தயாரா இருக்கணும்ல சார்” என்றார். அவர் பின் சீட்டில், மருமகன் எனக்குப் பக்கத்தில். லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதிவிட்டு வந்திருந்தேன். யாருடைய சொந்த வேலை என்று அதில் கேட்பதில்லை.

ஊரைத் தாண்டியதும் பரீட்சை தொடங்கியது. லைட்டைப் போடச் சொன்னார் மாமனார். பட்டப்பகலில் போட்டேன். மழை பெய்து நாலு மாதமான சாலையில் வைப்பரைப் போடச் சொன்னார், போட்டேன். இரண்டு பக்கமும் பருத்திக் காடு, திரும்புவதற்கு ஒரு சந்துகூட இல்லாத நேர் ரோடு. அதில் வலது கையையும் இடது கையையும் மாறி மாறி நீட்டிக்கொண்டு போனேன். சைக்கிளில் எதிரே வந்தவர் இறங்கி நின்று வழிவிட்டார். மாமனார் அவ்வப்போது மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.  மருமகனுடைய கண் முழுதும் ஆம்பியர் முள்ளின் மேல் இருந்தது. அது ஆடாமல் நின்றது. வழியில் எங்கும் நிற்கவில்லை, புகையவும் இல்லை.

அரியலூருக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள், ஒரு டவுன் பஸ், டிராக்டர் இரண்டு, மாட்டு வண்டிகள். மேலே வெள்ளைத் தூசி. கேட் எதற்காக மூடியிருக்கிறது என்று இறங்கிப் போய் விசாரித்தேன். மெட்ராஸ் வண்டிக்காக என்றார் கேட் கீப்பர். யார் ஏற வேண்டுமோ அவரை மறித்து வைத்துக்கொண்டு அந்த வண்டியே வந்துகொண்டிருந்தது. எனக்கு ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஸ்டேஷன் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தண்டவாள ஓரமாக மூட்டையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள் நாலைந்து பேர். வண்டி அங்கே சற்று நேரம் நிற்கும். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, காருக்கு வந்து சொன்னேன்.

“இப்பவே நடந்தா பிடிச்சுடலாம்.”

மருமகன் மாமனாரைப் பார்த்தார்.

“என்னய ஏன் பாக்குறீங்க? அரியலூருன்னு சொன்னேன். இது கேட்டு. கேட்டு வரைக்கும் நல்லாத்தான் வந்துருக்கு” என்றார் மாமனார். வியாபாரி. அரை முழம் குறைந்தாலும் ஒரு கஜம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு நேர் முன்னால் நின்ற லாரியின் டிரைவர் அப்போது சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு இப்போது அது ஸ்டார்ட் ஆகவில்லை. கேட் மூடியிருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன்கள் தொடங்கின. கிளீனர் இறங்கி, தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டார். கல் ஏற்றிய லாரியைத் தள்ள யார் வருவார்கள்?

மருமகன் தலையைச் சாய்த்து அந்த டிக் சத்தத்தைக் கேட்டார். மூன்றாவது முறை கேட்டதும் கதவைத் திறந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்து, “கொஞ்சம் வச்சிருங்க மாமா, கிரீஸ் பட்டுரும்” என்று பின் சீட்டில் கொடுத்துவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்டது. மாமனார் இறங்கி லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையில் பாஸ்போர்ட்.

“மாப்ள, வண்டி வருது.”

“ஒரு நிமிசம் மாமா. இதுல எர்த்துப் பட்டை துருப்பிடிச்சு அத்துக் கெடக்கு.”

அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. ரயில் கேட்டைக் கடந்தது. ஜன்னல்களில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகங்கள் வரிசையாகப் போயின. வேகம் குறைந்து ஸ்டேஷனில் நின்றது. அப்போதும் ஓடினால் பிடித்திருக்கலாம். எனக்குத் தெரியும், மாமனாருக்கும் தெரியும், லாரிக்கு அடியில் இருந்தவருக்கும் தெரியும். அடியிலிருந்து சுரண்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு ஊதல் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

மருமகன் வெளியே வந்து, டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். லாரி ஒரே உறுமலில் உயிர் பெற்றது. வெள்ளைத் தூசி எங்கள் மூன்று பேர் மேலும் வந்து படிந்தது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “அண்ணே, உங்க கடை எங்க இருக்கு? பின்னால ரெண்டு லைட்டும் எரியல, காட்டணும்” என்றார்.

 மருமகன் கையைத் துடைக்கத் துணி தேடினார்.

மாமனார் நாலடி முன்னால் போனார். பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்து முப்பது வருஷம் பேசிய குரலில் சொன்னார்:

“பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல தம்பி. திங்கக்கெழமைலேர்ந்து வாங்க. வெள்ளிக்கெழம மட்டும் இருக்காது.”

கேட் திறந்தது. மூவரும் காரில் ஏறினோம். மருமகன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தேன்.

“என்ன சார் பண்றீங்க?” என்றார் பின்னாலிருந்து மாமனார். “அரியலூருன்னுதானே பேச்சு. ஓட்டுங்க.”